ஏழை வீட்டு நாய்க்கு வைத்தியம் செய்வது தர்மமாகுமா?



ஒரு கேள்வி சில வாரங்களாக நம் கோவில் வாசலில் உலவி வருகிறது. கஷ்டப்படுகிற ஒரு குடும்பம் வளர்க்கும் நாயோ பூனையோ திடீரென்று சாகக் கிடக்கிறது. வைத்தியத்துக்குக் கையில் பணமில்லை. அந்தக் குடும்பம் நம்மிடம் வந்து உதவி கேட்டால் கொடுக்கலாமா, கூடாதா? "மனிதருக்கே மருந்து வாங்க வழியில்லாத ஊரில் நாய்க்கு மருந்தா?" என்று சிலர் கேட்கிறார்கள். "அதுவும் சர்வேசுரன் படைத்த உயிர்தானே?" என்று வேறு சிலர் பதில் சொல்லுகிறார்கள். இரு திறத்தாரும் நல்ல மனதுள்ளவர்களே. ஆகையால் ஒருவரையொருவர் பரிகசிக்காமல் விஷயத்தை நிதானமாக யோசிப்போம்.

முதலில் வேண்டாம் என்கிறவர்களின் நியாயத்தைக் கேட்போம். அது அற்பமான நியாயமல்ல. மனிதன் சர்வேசுரனின் சாயலாகப் படைக்கப்பட்டவன். அவனுக்கு அழியாத ஆத்துமம் உண்டு. மிருகத்துக்கு உயிர் உண்டு, உணர்ச்சி உண்டு. அழியாத ஆத்துமம் இல்லை. நம் வின்சென்ட் தே பவுல் சபையாரின் உண்டியலில் விழுகிற ஒவ்வொரு ரூபாயும் ஏழைகளுக்கென்று விழுகிறது. ஒரு பிள்ளையின் பள்ளிப் புத்தகம், ஒரு கிழவியின் சர்க்கரை வியாதி மாத்திரை, வேலையிழந்தவன் வீட்டு அரிசி இவையெல்லாம் அதை நம்பியிருக்கின்றன. 1992-ம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், மனிதரின் துன்பம் தீர்க்க முதலில் செல்லவேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவது தகாது என்றே போதிக்கிறது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜனவரியில், பிள்ளைகளுக்குப் பதிலாக நாயையும் பூனையையும் வீட்டில் வைத்துக்கொள்ளும் போக்கைக் கண்டித்துப் பேசினார். இவற்றை நாம் மறந்துவிட்டுப் பேசலாகாது.

ஆனால் பாதி போதனையைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவதும் சரியல்ல. அதே மறைக்கல்வி நூலின் அதே பகுதி, மிருகங்களிடம் நாம் தயவாயிருக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது, தேவையின்றி அவற்றைத் துன்பப்படுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கே விரோதம் என்கிறது, அர்ச். பிரான்சிஸ்கு அசிசியாரின் இரக்கத்தையும் நினைவூட்டுகிறது. அதே பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய சுற்றுமடலில், மற்ற சிருஷ்டிகளிடம் கல்நெஞ்சராய் இருப்பவர் என்றாவது ஒருநாள் மனிதரிடமும் அப்படியே நடப்பார் என்று எச்சரித்தார். ஆகவே திருச்சபை நம் கையில் தருவது இரண்டு தட்டுள்ள ஒரு தராசு. ஒரு தட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிறுக்க முடியாது.

இனி நிறுத்துப் பார்ப்போம்.

செலவு என்றால் எல்லாம் ஒரே செலவல்ல. நாய்க்குப் பட்டுச் சட்டை தைப்பதும், அதன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதும் ஒரு வகை. பாம்பு கடித்துக் கால் வீங்கி முனகிக்கொண்டிருக்கும் நாய்க்கு விஷமுறிவு ஊசி போடுவது வேறு வகை. முன்னது ஆடம்பரம், பின்னது அபாயத்தில் நீட்டும் கை. ஏழைக்குரியதை மிருகத்துக்குச் செலவிடாதே என்ற எச்சரிக்கை முக்கியமாக யாரை நோக்கியது? கொழுத்த பணத்தை வீணாக்குகிறவர்களை நோக்கியது. அந்த எச்சரிக்கையை எடுத்து, கூலி வேலைக்குப் போகிற ஒருத்தியின் முகத்தில் வீசுவது நீதியா?

மேலும், இங்கே உதவி பெறுகிறது யார் என்று கேளுங்கள். மருந்து நாயின் உடம்பில் இறங்குகிறது என்பது உண்மை. ஆனால் உதவி இறங்குவது ஒரு வீட்டுக்குள். இரவு பத்து மணிக்கு நாய்க்கு ரத்தக் கழிச்சல் கண்டால், அந்த வீட்டாருக்கு என்ன வழிகள் உண்டு? காதுத் தோட்டை அடகு வைக்கலாம். கந்துவட்டிக்காரனிடம் போகலாம். 2003-ம் ஆண்டிலேயே அநியாய வட்டியைத் தடைசெய்து தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்தில் இருப்பவன் சட்டப் புத்தகத்தைத் தேடிப் போவதில்லை, தெருமுனையில் பணம் கொடுப்பவனைத் தேடிப் போகிறான். இரண்டும் முடியாதென்றால் நாயைக் கொண்டுபோய் வேறு தெருவில் விட்டுவிடலாம். அல்லது பிள்ளைகள் சுற்றி நின்று அழ, அது சாகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த நாலு வழியில் எதுவும் அந்தக் குடும்பத்துக்கு நல்லதல்ல. 5,000 ரூபாய்க் கடன் பல மாதம் வட்டியாக வளர்ந்து, கடைசியில் அதே வீட்டார் அரிசிக்காக நம் சபையிடம் வரலாம். அப்போது கொடுப்போம்; இப்போது கொடுக்கமாட்டோம் என்றால் அதில் என்ன விவேகம் இருக்கிறது?

"அப்படியானால் ஏழைக்கு எதற்கு நாய்? வளர்க்க வசதியில்லாதவன் வளர்க்கக் கூடாது" என்று சொல்வாருமுண்டு. இந்த வாக்கியத்தைச் சற்று உற்றுக் கேளுங்கள். அதற்குள் ஒரு கடினமான எண்ணம் ஒளிந்திருக்கிறது. பணமுள்ளவன் அன்பு வைத்தால் அது பாசம். பணமில்லாதவன் அன்பு வைத்தால் அது அதிகப்பிரசங்கித்தனம் என்பதே அந்த எண்ணம்.

வேதாகமத்தில் நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவுக்குச் சொன்ன கதை நினைவிருக்கிறதா? ஒரு ஊரில் ஒரு பணக்காரன், ஒரு ஏழை. பணக்காரனுக்கு ஏராளமான ஆடுமாடுகள். ஏழைக்கு ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. அது பாலுக்கோ மயிருக்கோ வளர்த்த ஆடு என்று கதை சொல்லவில்லை. அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது, அவன் தட்டில் தின்றது, அவன் பாத்திரத்தில் குடித்தது, அவன் மடியில் தூங்கியது, அவனுக்கு மகள்போல் இருந்தது என்கிறது. நம் காலத்துப் பேச்சில் சொன்னால் அது அவன் வீட்டுச் செல்லப்பிராணி. பணக்காரன் தன் விருந்தாளிக்காக அதைப் பிடித்து அறுத்துவிட்டான். இதைக் கேட்ட தாவீது, "ஓர் ஆட்டுக்குட்டிக்கா இத்தனை அழுகை?" என்று கேட்கவில்லை. கோபம் மூண்டு, அந்தப் பணக்காரன் சாகத் தகுந்தவன் என்றார். பெத்சபேயின் விஷயத்தில் தாவீது செய்த பெரும் பாவத்தை அவருக்கே உணர்த்த, தீர்க்கதரிசி ஆயிரம் உவமை சொல்லியிருக்கலாம். ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டியைத் தேர்ந்துகொண்டார். ஒன்றுமில்லாதவன் ஒரு வாயில்லா ஜீவன்மேல் வைத்த பாசம், யாரும் மிதித்துவிட்டுப் போகத்தக்க பொருளல்ல என்பது இதனால் விளங்கவில்லையா?

தோபியாஸ் ஆகமத்திலும் ஒரு நாய் வருகிறது. வாலிபன் தூரப் பயணம் போகும்போது அதுவும் கூடப் போகிறது. திரும்புகிறபோது அதுவும் கூட வருகிறது. அதற்குக் கதையில் ஒரு வேலையுமில்லை. யாரையும் காப்பாற்றவில்லை; எதையும் கண்டுபிடிக்கவில்லை. கூடவே நடந்தது, அவ்வளவுதான். நம் ஊரில் தனியாக வாழும் முதியோர் பலருக்கு அப்படிக் கூடவே நடக்க வேறு யாரும் இல்லை. பிள்ளைகள் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். விடிந்ததும் வாசலில் வாலாட்டும் அந்த ஓர் உயிரை, "வெறும் நாய்" என்று நாம் எந்த வாயால் சொல்லுவது?

"சாமி, பசுமாடு என்றால் சரி, அது பால் கொடுக்கிறது, குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. நாயும் பூனையும் என்ன கொடுக்கின்றன?" என்றும் கேட்பீர்கள். பசுவுக்கு முந்திய இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஒரு பசு செத்தால் ஒரு வீட்டின் அடுப்பே அணையலாம். ஆனால் உபயோகத்தை மட்டும் வைத்து இரக்கத்தை அளக்கத் தொடங்கினால் அந்தக் கோல் எங்கே போய் நிற்கும்? இன்று பால் கறக்காத மாடு. நாளை சம்பாதிக்காத தகப்பன். இந்தப் பாதை வழுக்கலானது. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், மிருகங்களிடம் இரக்கம் பழகியவன் மனிதரிடமும் இரங்கக் கற்றுக்கொள்ளுகிறான் என்று கருதினார். பாடம் வீட்டிலேயே நடக்கிறது. சாகக் கிடக்கிற நாய்க்குட்டியைச் சாக்கில் கட்டிக் குப்பைமேட்டில் போடுகிற தகப்பனைப் பார்க்கிற பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்ளுகிறது. இரவில் ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுகிற தகப்பனைப் பார்க்கிற பிள்ளை வேறொன்றைக் கற்றுக்கொள்ளுகிறது. அன்றியும், சிருஷ்டியின் ஆறு நாள் விவரத்தைப் பாருங்கள். மனிதன் தோன்றுமுன்பே சர்வேசுரன் மிருகங்களைப் பார்த்து அவை நல்லவை என்று கண்டார். அவற்றின் நன்மை நம் உபயோகத்தினால் மட்டும் வந்ததல்ல.

இயேசுநாதர் ஓய்வுநாளில் நீர்க்கோவை வியாதிக்காரன் ஒருவனைக் குணப்படுத்தியபோது, உங்களில் ஒருவனுடைய மாடு ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்தால் உடனே தூக்கிவிடமாட்டீர்களா என்ற கருத்தில் கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, ஆபத்து நாள் கிழமை பார்த்து வருவதில்லை. கிணற்றில் விழுந்த மாட்டை நாளைக்குத் தூக்க முடியாது. மற்றொன்று, நம் ஆண்டவர் மாட்டையும் மனிதனையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. மாட்டைத் தூக்கத் தெரிந்த நீ மனிதனைத் தூக்காதது ஏன் என்றுதான் கேட்டார். அதாவது ஒரே கைதான் இரண்டையும் செய்கிறது. மாட்டைத் தூக்காதவன் மனிதனைத் தூக்குவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நம் தமிழ் நாட்டிலும் மனுநீதிச் சோழனின் கதையைக் கேட்டு வளராத பிள்ளை இல்லை. திருவாரூரில் கன்றையிழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. ராஜா மகனைத் தேர்க்காலில் இட்டான் என்கிறது கதை. கன்றுக்காக மகனைப் பலிகொடுக்கும்படி நம் வேதம் ஒருநாளும் சொல்லாது. ஆனால் மணி அடித்தவுடன், "பசுதானே" என்று சொல்லாமல் எழுந்து வந்தானே, அந்த ஒரு செய்கை நமக்கு எட்டாததல்ல.

இது நடக்கக்கூடிய காரியமா என்றால், நடந்திருக்கிறது. 1917-ம் ஆண்டு, முதல் உலகப் போரில் மனிதர் லட்சக்கணக்காய் மடிந்துகொண்டிருந்த காலத்தில், லண்டனின் வறிய பகுதியான வைட்சாப்பலில் மரியா டிக்கின் என்ற அம்மையார் ஒரு நிலவறையில் ஏழைகளின் மிருகங்களுக்கு இலவச மருந்தகம் திறந்தார். ஏழைகளின் வீடுகளைச் சந்திக்கப் போனபோது, அவர்கள் வளர்த்த மிருகங்கள் வைத்தியமின்றித் தவிப்பதைக் கண்டதே காரணம். ஏழைகளைத் தேடிப் போன கண்களுக்குத்தான் அவர்களுடைய நாயும் பூனையும் தென்பட்டன என்பதைக் கவனியுங்கள். அந்த ஸ்தாபனம் நூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் வருமானம் குறைந்த குடும்பங்களின் பிராணிகளுக்கு வைத்தியம் செய்து வருகிறது. நம் சென்னையில் 1959-ல் புளூ கிராஸ் சங்கம் தொடங்கியது. வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் பின்னர் கல்லூரிகள் ஏற்பட்டன. இவற்றின் ஆஸ்பத்திரிகளிலும், ஊர்தோறும் உள்ள அரசாங்கக் கால்நடை மருந்தகங்களிலும் தனியார் இடத்தைவிட மிகக் குறைந்த செலவில் வைத்தியம் பெறலாம். ஆடுமாடுகளின் அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். பலருக்கு இது தெரியாததே பாதிக் கஷ்டம்.

ஆனால் உதவிக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கில்லாத இரக்கம் சீக்கிரம் சலித்துப்போகும். ஆகையால் நம் சபையாருக்கு நான் சொல்லுகிற யோசனை இதுதான்.

மனிதரின் பசிக்கும் நோய்க்கும் உள்ள பணத்தைத் தொடவேண்டாம். தனியாக ஒரு சிறு பெட்டி இருக்கட்டும். மனமுள்ளவர்கள் அதில் போடட்டும். அப்போது கிழவியின் மாத்திரையா, நாயின் ஊசியா என்ற சண்டைக்கே இடமில்லை. வீட்டில் செல்லப்பிராணி வைத்திருக்கும் வசதியுள்ளவர்கள், அதற்கு வாங்கும் தின்பண்டத்தில் மாதம் ஒருமுறை ஒன்றைக் குறைத்தாலே அந்தப் பெட்டி காலியாயிராது. கொடுப்பதை டாக்டரிடமே நேராகக் கொடுங்கள். முடிந்தவர்களுக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள். தவணையாகத் திருப்பிக் கொடுப்பதில் அவர்களுக்கும் ஒரு கௌரவம் உண்டு. டாக்டர் எல்லாவற்றையும் இலவசமாகச் செய்யவேண்டும் என்று வாதாடாதீர்கள். அவருக்கும் குடும்பம் உண்டு. மருந்தை அவரும் விலைகொடுத்தே வாங்குகிறார். பிறர் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பது தர்மமாகாது.

பணம் கொடுக்குமுன் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். பிழைக்க எவ்வளவு வழியிருக்கிறது? பிழைப்பதற்குள் எவ்வளவு வேதனை? குணமாகும் வழியிருந்தால் முயலுவோம். வழியே இல்லாமல் வேதனை மட்டும் மிஞ்சினால், வலியில்லாத ஊசியால் அதன் முடிவை ஏற்பதில் பாவமில்லை. மனித உயிரின் விஷயத்தில் அப்படிச் செய்ய நமக்கு ஒருபோதும் அதிகாரமில்லை. மிருகத்தின் விஷயத்தில் அது தேவையற்ற துன்பத்தை நிறுத்துவதாகும். அந்தக் கடைசி ஊசிக்கும் பணமில்லாத வீடு உண்டு. அதற்கும் உதவலாம்.

வளர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓர் உயிரை வாசலுக்குள் ஏற்றவுடன் ஒரு கடமையையும் ஏற்கிறீர்கள். 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும், வளர்க்கிறவனுக்கு அதன் நலத்தைப் பேணும் பொறுப்பைச் சுமத்துகிறது. பேணுவதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை; முன்யோசனை வேண்டும். குட்டிகளைக் கொல்லும் ரத்தக் கழிச்சலான பார்வோ நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அதன் செலவு, நோய் வந்தபின் நாள்கணக்கில் குளுக்கோஸ் ஏற்றும் செலவில் ஒரு சிறு பங்கே. பெண் நாய்க்குக் கருத்தடை செய்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் அபாயமும் நீங்கும். தெருவில் விட வேண்டிய குட்டிகளும் பிறவா. நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம், கைவைத்தியமாகக் கொடுத்துவிடாதீர்கள். நாய் வாயில் நுரை தள்ளி விழுங்க முடியாமல் தவித்தால், எலும்பு சிக்கியதென்று வாய்க்குள் கைவிடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். கடித்தாலோ எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இங்கே மனித உயிரே முதன்மை, தாமதம் கூடாது.

"வசதியைப் பார்த்து வளர்" என்ற புத்திமதி நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு வேளை உண்டு. குட்டியை வாங்குமுன் சொன்னால் அது விவேகம். சாகக் கிடக்கும்போது சொன்னால் அது விவேகமல்ல, கதவைச் சாத்துவதற்கு ஒரு சாக்கு. பழைய ஏற்பாட்டின் கட்டளையைப் பாருங்கள். உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடந்தால், விட்டுப் போகாமல் அவனோடு சேர்ந்து தூக்கிவிடு என்கிறது. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினது யார் குற்றம் என்று விசாரித்தபின் தூக்கு என்று சொல்லவில்லை. முதலில் தூக்கு. அவனோடு சேர்ந்து தூக்கு. ஒரே சுமையில் இருவர் கைவைக்கும்போது பகையும் தளர்ந்துவிடுகிறது, கழுதையும் எழுந்துவிடுகிறது.

ஆகவே கேள்விக்குப் பதில் இதுவே: மனிதனின் வாய்ச்சோற்றைப் பறிக்காமல், ஆடம்பரத்துக்கு இடங்கொடாமல், ஆபத்தில் கிடக்கும் ஏழை வீட்டுப் பிராணிக்கு உதவுவது தர்மமே. அது அந்த வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் தயவு. அதைவிட அதிகமாக, அதன் பக்கத்தில் செய்வதறியாமல் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குச் செய்யும் தயவு.

அடுத்த ஞாயிறு முதல் பூசைக்குப்பின் சபையார் அறை வாசலில் அந்தச் சிறு பெட்டி இருக்கும். ஆட்டோ வைத்திருக்கும் வாலிபர்கள் இரவில் ஒரு சவாரி இலவசமாகத் தர மனமிருந்தால் பெயரைக் கொடுங்கள். பணம் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லையென்றால் கூடப்போய் வாருங்கள். வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் போடவேண்டாம். அவர்களை யாரும் குறைசொல்லவும் வேண்டாம். அவர்கள் கொடுக்கும் அரிசியும் மருந்தும் வழக்கம்போல் ஏழைகளுக்கே போய்ச் சேரும்.

சர்வேசுரன் உங்கள் வீடுகளையும் அவற்றில் அண்டியிருக்கும் எல்லா உயிர்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சாமியார்